குவீனி இன்னும் இறங்கவில்லை

ஐவி: இன்னும் எவ்வளவு நேரம் இந்தக் கட்டை மேலயே உக்காந்திருப்பீங்க, நார்மன்? எழுந்திரிங்க. வண்டில ஏறுங்க.

நார்மன்: இது சும்மா கட்டை இல்லம்மா. நம்ம விமானம் குவீனியோட சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை. அவ வந்து நின்ன உடனே வைக்கணும்.

ஐவி: இருக்கிறது காலி சிமெண்டுத் தரை. அதுக்கு முட்டுக் கொடுத்துட்டு நீங்க ஒரு ஆளு. பாக்கிறவங்க சிரிப்பாங்க.

நார்மன்: யாரு பாக்கிறா? சுத்தி பீட்ரூட் வயல். அதோ, அந்தப் பெரியவர் குதிரை பூட்டி உழுதுட்டிருக்காரு. காலையில இருந்து இந்தப் பக்கம் தலையத் திருப்பல. குண்டு விமானத் தளத்துக்குப் பக்கத்து வயக்காரரு... எந்த இடம் காலியா நிக்குதுன்னு அவருக்குத் தெரியாதா என்ன.

ஐவி: மத்த விமானமெல்லாம் விடியறதுக்குள்ள வந்தாச்சு. உங்க மெக்கானிக் பசங்க எல்லாம் போய்ப் படுத்தாச்சு. நீங்க மட்டும்...

நார்மன்: நான்தான் அவனுங்களப் போகச் சொன்னேன். ராத்திரி பூரா முழிப்பு, பாவம்.

ஐவி: நீங்க மட்டும் நல்லாத் தூங்கினீங்களாக்கும்.

நார்மன்: நான் மூணு புள்ளை பெத்தவன். முழிச்சுக் கிடந்து பழக்கம்.

ஐவி: பெத்தது உங்க சம்சாரம். இந்தாங்க டீ. ஆறிப்போச்சு. கேன்டீன்ல சர்க்கரை தீந்துடுச்சாம்.

நார்மன்: த்தூ! இதக் குடிக்கிறதுக்கு இன்ஜின் ஆயிலக் குடிக்கலாம்.

ஐவி: சுத்தி பூரா சர்க்கரை காய்ச்சுற பீட்ரூட்தானே. ஒண்ணு புடுங்கிக் கரைச்சுக்கோங்க.

நார்மன்: சிரிக்க வைக்கப் பாக்குற... நல்லது. சமையக்கட்டுல என்ன பேசிக்கிறாங்க?

ஐவி: ஏழு முட்டையத் தனியா எடுத்து வச்சிருக்காரு சமையல்காரர். "இன்னும் வைக்கவா, எடுத்துடவா"ன்னு என்னைக் கேட்டாரு.

நார்மன்: நீ என்ன சொன்ன?

ஐவி: எடுத்தா கைய ஒடிப்பேன்னேன்.

நார்மன்: அப்படிச் சொல்லு! பறந்துட்டு வர்றவனுக்கு மட்டும்தான் நிஜ முட்டை. நமக்கெல்லாம் பொடியக் கரைச்சு வறுத்த முட்டை. நம்ம பசங்க முட்டைய வேற எவன் தின்னுடுவான், பாக்கிறேன். கிளம்பும்போது அவனுங்க பேசுறதக் கேட்டிருக்கியா? "டேய், நீ திரும்பி வரலன்னா உன் முட்டைய நான் தின்னுக்கவா?"

ஐவி: என் வண்டில வச்சுதானே தினமும் சொல்வாங்க. மொதல்ல கேட்டப்ப நான் வண்டியவே நிறுத்திட்டேன். அப்பறம் நானும் கூடச் சேந்து சிரிக்கப் பழகிட்டேன்.

நார்மன்: நேத்து ஒருத்தனும் சொல்லல.

ஐவி: ...என்ன?

நார்மன்: முட்டை விஷயம். ஒருத்தனும் வாயத் திறக்கல. மழை ஒரு பக்கம். அவனுங்கள விமானத்துகிட்ட கொண்டு வந்து விட்டது வேற யாரோ ஒரு பொண்ணு, வண்டிக் கண்ணாடியக் கூட இறக்கல. ஆமா... நேத்து நீ ஏன் வரல?

ஐவி: உடம்பு சரியில்ல.

நார்மன்: இப்பப் பாத்தா நல்லாத்தான இருக்க.

ஐவி: இப்ப சரியாயிடுச்சு. டீயக் குடிங்க.

நார்மன்: கேப்டன் கேட்டான் உன்னை.

ஐவி: காலினா? என்ன கேட்டாரு?

நார்மன்: வண்டில இருந்து இறங்கின உடனே நேரா என்கிட்ட வந்து, "ஐவி எங்க?"ன்னான். முன் சீட்டு காலியாக் கிடந்துச்சாம், அதுல உக்காராம மத்த ஆறு பேரோட பின்னாடி இடிச்சுக்கிட்டு வந்திருக்கான். "ஐவி ஓட்டினாத்தான் நான் முன்னாடி உக்காருவேன்"னு சொல்லிட்டானாம்.

ஐவி: அப்படியா சொன்னாரு...

நார்மன்: ஏ, ஏ! டீய என் பூட்ஸ் மேல ஊத்துற!

ஐவி: மன்னிச்சுக்கோங்க. குளிரு.

நார்மன்: குளிருதான். வேற என்ன.

ஐவி: கிண்டல் பண்ணாதீங்க.

நார்மன்: நான் ஏன் கிண்டல் பண்றேன்? இந்தத் தளம் பூரா அதத்தான் பேசுது. நியூசிலாந்துல ஆடு மேய்ச்சுட்டிருந்தவன் ஒருத்தன், கப்பல் ஏறி இவ்வளவு தூரம் வந்து, ஒரு வேன் ஓட்டுற பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டான்னு.

ஐவி: ஆடு மேய்க்கல. அவங்கப்பாவுக்குப் பண்ணை இருக்கு.

நார்மன்: பண்ணையில ஆடுதான இருக்கு? ஒட்டகமா இருக்கு?

ஐவி: போங்க நார்மன். உங்க குவீனிய நான் எதாச்சும் சொன்னா மட்டும் மூக்கு மேல கோவம் வருது உங்களுக்கு.

நார்மன்: சொல்லிப் பாரேன்.

ஐவி: குவீனி மாதிரி ஸ்டர்லிங் விமானம்னாலே, உசரப் பறக்கிற லங்காஸ்டர்காரங்க கை தட்டுறாங்களாம். "அப்பாடா, அவங்களும் வர்றாங்க, பீரங்கியெல்லாம் அவங்களப் பாத்து சுடும், நாம தப்பிச்சோம்"னு.

நார்மன்: யாரு சொன்னது அந்தக் கதைய?

ஐவி: எல்லாரும் சொல்றாங்க. உசரத்துல பறக்க முடியாத வாத்தாம்.

நார்மன்: வாத்தா! அவள மாதிரி வளைஞ்சு திரும்ப லங்காஸ்டரால முடியுமா? சண்டை விமானமே அவ பின்னாடி திரும்ப முடியாமத் தடுமாறும். அவகிட்ட ஒரு குறையும் இல்ல, எல்லாம் வரைபடம் போட்ட பெரிய மனுசங்க செஞ்ச வேலை. இறக்கைய நூறு அடிக்கு மேல நீட்டக் கூடாதுன்னு ஒரு கட்டளை. விமானக் கொட்டகைக் கதவு அவ்வளவுதான் அகலமாம்! கதவ இடிச்சுக் கட்டுறத விட்டுட்டு இறக்கைய நறுக்கினாங்க.

ஐவி: நிஜமாவா?

நார்மன்: எங்க ஆளுங்க அப்படித்தான் சொல்வாங்க. இறக்கை குட்டை, அதனால எழும்ப மாட்டேங்கிறான்னு காலை நீட்டமாக் கொடுத்தாங்க. பாத்திருக்கல்ல, கொக்குக் காலு! மொதமொத செஞ்ச விமானம் மொத நாள் பறந்துட்டு இறங்கும்போதே கால் ஒடிஞ்சு படுத்துடுச்சு. அப்பறம் சரி பண்ணாங்க. எல்லாம் சரி பண்ணி, சண்டைக்கு அனுப்பிட்டு, இப்ப என்னடான்னா, வயித்துல பெரிய குண்டு நுழையல, இவளுக்கு வயசாயிடுச்சுங்கிறாங்க. வயசா! நேத்திக்குப் பொறந்தவ.

ஐவி: நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

நார்மன்: நானும் ஒரு வார்த்தைதான் சொல்றேன். அவ எல்லாத்துலயும் கொஞ்சம் குறைச்சலாப் பொறந்துட்டா. அதனாலதான் அவள எனக்குப் பிடிக்கும். கீழயே பறக்கிறா. மேல போறவன் போடுற குண்டு கூட அவ மேல விழுந்துடும். அப்படியும் இறக்கையில ஓட்டையோட, ஒரு இன்ஜின் செத்து, காலையில இங்க வந்து நிப்பா பாரு... நான் அப்படியே அவ வயித்துல தட்டிக் கொடுப்பேன்.

ஐவி: பாத்திருக்கேன். யாரும் பாக்கலன்னு நினைச்சுட்டுத் தட்டுவீங்க.

நார்மன்: கழுதை. எல்லாத்தையும் பாக்கிற.

ஐவி: ...வருவாளா, நார்மன்?

நார்மன்: வருவா.

ஐவி: இல்ல, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவர் வருவாரா? எனக்கு அவர் வேணும். வேற ஒண்ணும் வேணாம். இந்தப் போர்ல யாரு ஜெயிச்சா எனக்கென்ன. அவர் வந்து அந்த முன் சீட்டுல உக்காரணும், கால நீட்டிக்கிட்டு, சேறு பூட்சோட.

நார்மன்: அழாத. அந்தப் பெரியவர் திரும்பிப் பாக்கிறாரு.

ஐவி: பாக்கட்டும்! நேத்து எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வேணும்னுதான் வரல.

நார்மன்: தெரியும்.

ஐவி: உங்களுக்கு எப்படித் தெரியும்?

நார்மன்: உன்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியாதா?

ஐவி: காவு வாங்குறவ.

நார்மன்: வாயக் கழுவு.

ஐவி: நான் ஏன் கழுவணும்? என் காது படவே சொல்றாங்க. மொதல்ல ஒருத்தர் என்கூட டான்ஸ் ஆடினாரு. வரல. அப்பறம் ஒருத்தர் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவரும் வரல. அதுக்கப்பறம் டான்ஸ் நடந்தா நான் சுவரோரமா நிப்பேன், ஒருத்தன் கிட்ட வர மாட்டான். என் வண்டில ஏறினா முன் சீட்டத் தொட மாட்டானுங்க, பின்னாடி நசுங்கிக்கிட்டே வருவானுங்க. காலின் ஒருத்தர்தான் கதவத் திறந்து பக்கத்துல உக்காந்தாரு. "எங்க ஊர்ல மழை வருமா வராதான்னு கூட யாருக்கும் தெரியாது, சாவு எப்ப வரும்னு உங்க ஊர்க்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னாரு.

நார்மன்: அவன் வாய்.

ஐவி: நானும் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள பயம். ஒவ்வொரு தடவையும், "நான் கொண்டு போய் விடறேனே, நான் கொண்டு போய் விடறேனே"ன்னு அடிச்சுக்கும். அவருக்கு முப்பது தடவை பறந்துட்டா முடிஞ்சுது, ஓய்வு கொடுத்துடுவாங்க. கொஞ்சந்தான் பாக்கி. நேத்து மனசு கேக்கல. நான் இல்லன்னா அவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சு.

நார்மன்: அட பைத்தியக்காரி...

ஐவி: அவர் என்னைத் தேடினாருன்னு இப்பச் சொல்றீங்க.

நார்மன்: நேத்து ராத்திரி நீ எங்கதான் இருந்த?

ஐவி: எங்கயோ இருந்தேன். விடுங்க.

நார்மன்: இங்க பாரு. உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். உன் வாயில இருந்து வெளிய வரக் கூடாது.

ஐவி: என்ன?

நார்மன்: சத்தியம் பண்ணு.

ஐவி: சொல்லுங்க நார்மன்.

நார்மன்: பெட்ரோல் கணக்கு தெரியுமா உனக்கு?

ஐவி: இங்க வேலை பாக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. குண்டு ஜாஸ்தின்னா பெட்ரோல் கம்மி. பெட்ரோல் ஜாஸ்தின்னா குண்டு கம்மி. எந்த ஊர்ல குண்டு போடப் போறாங்கன்னு யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. நீங்க பெட்ரோல் அளவ வச்சே ஊரச் சொல்லிடுவீங்க.

நார்மன்: அதேதான். நேத்து வந்த உத்தரவு, பெட்ரோல் கொஞ்சம்தான். அப்ப பக்கத்து ஊரு. குண்டு நிறைய. அந்தக் கணக்குப்படி பாத்தா, விடியும்போதே தொட்டி காஞ்சிருக்கணும்.

ஐவி: ஆமா. காஞ்சிருக்கணும்.

நார்மன்: காஞ்சிருக்காது.

ஐவி: ஏன்?

நார்மன்: நான் கூடுதலா ஊத்தினேன்.

ஐவி: நீங்க ஊத்தினீங்களா?

நார்மன்: என்ன அப்படிப் பாக்கிற? கேப்டன் மத்தியானம் வந்து கெஞ்சினான். "கொஞ்சம் சேத்து ஊத்து நார்மன், போன தடவை திரும்பும்போது முள்ளு பூஜ்ஜியத்துல ஆடுச்சு, கடலப் பாத்துக்கிட்டே வந்தேன்"னான். எனக்கு மனசு கேக்கல. விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன்.

ஐவி: விளிம்பு வரைக்கும்...

நார்மன்: எல்லாத் தொட்டியும். உத்தரவுல இருந்ததுக்கு மேல எவ்வளவோ.

ஐவி: யாரும் பாக்கலயா?

நார்மன்: அந்த மழையில யாரு பாக்கிறா? நான் இறக்கை மேல நிக்கிறேன், குழாயப் புடிச்சுக்கிட்டு. கீழ பெட்ரோல் லாரியில கிளாடிஸ். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐவி: கிளாடிஸ் ஒத்துக்கிட்டாளா?

நார்மன்: லேசுல ஒத்துக்குவாளா அவ? "ஐயையோ, என் வேலை போய்டும்"னு குதிச்சா. என் பங்கு சாக்லேட்ட எடுத்துக் கொடுத்தேன். வாய மூடிக்கிட்டா.

ஐவி: சாக்லேட்டா...

நார்மன்: அவ தீனிப்பண்டாரம், தெரியாதா? அதனால சொல்றேன், ஐவி. குவீனி இன்னும் மேலதான் இருக்கா. இல்லன்னா எங்கயோ இறங்கியிருக்கா.

ஐவி: எங்க இறங்கியிருப்பா? சொல்லுங்க.

நார்மன்: இப்பப் பாரு. ஒரு இன்ஜின் போச்சுன்னு வை. ரெண்டே போச்சுன்னு வை. மெதுவா வர்றா. காத்து வேற வடக்கே தள்ளுது. பனி. கீழ ஒண்ணும் தெரியல. வேற எந்த விமானமா இருந்தாலும் பெட்ரோல் இல்லாம கடல்ல விழுந்திருக்கும். இவகிட்டதான் இருக்கே! கரையோரமாவே போறா, போறா... ஸ்காட்லாந்து வரைக்கும் போயிருப்பா.

ஐவி: அப்பறம்?

நார்மன்: அங்க ஏதோ ஒரு சின்னத் தளம். கொட்டகை ஒண்ணு, ஆடு நாலு. இறங்கிட்டான். ஆட்டப் பாத்ததும் உங்காளுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்துடுச்சு.

ஐவி: போன் பண்ண மாட்டாங்களா?

நார்மன்: லைன் கிடைக்கணுமே. அந்த மலைக்காட்டுல போன் இருக்கிறதே சந்தேகம். ஒருத்தன் சைக்கிள எடுத்துக்கிட்டு போஸ்ட் ஆபீசுக்குப் போயிருப்பான். போஸ்ட் மாஸ்டரம்மா தூங்கிட்டிருப்பா.

ஐவி: இன்னும் சொல்லுங்க.

நார்மன்: கேப்டனுக்கு அங்க யாரோ கஞ்சி கொடுக்கிறாங்க. ஸ்காட்லாந்துக்காரன் கஞ்சியில உப்புப் போடுவான். வாயில வச்சதும் மூஞ்சி போற போக்கப் பாக்கணும்...

ஐவி: உப்புன்னா அவருக்கு ஆகாது. இன்னும் சொல்லுங்க, நார்மன். நிறுத்தாதீங்க.

நார்மன்: ஒரு ரயில்ல ஏத்தி விடுவாங்க. ஏழு பேரும் பாராசூட்டத் தோள்ல போட்டுக்கிட்டு, தாடியும் மீசையுமா... சாயங்காலம் நம்ம ஈலி ஸ்டேஷன்ல வந்து இறங்குவாங்க. நீதான் வண்டி எடுத்துட்டுப் போகணும்.

ஐவி: போவேன். ஓட்டமா ஓடுவேன்.

நார்மன்: ஓடினா போதாது, வண்டில போ. ஏழு பேரு.

ஐவி: ...யாரோ சைக்கிள்ல வர்றாங்க.

நார்மன்: பார்லோ. எங்க தலைமை மெக்கானிக். கண்ணத் தொடைச்சுக்கோ.

பார்லோ: நார்மன்! இன்னும் படுக்கலயா நீ? நீயும் இங்கதான் இருக்கியாம்மா...

நார்மன்: ஏதாச்சும் சேதி உண்டா, சீஃப்?

பார்லோ: ம்... உண்டு. மத்தியானத்துக்கு மேல கட்டுப்பாட்டுக் கோபுரத்துப் பலகையில குவீனி பேர அழிச்சுடுவாங்க. எல்லாத் தளத்துக்கும் போன் போட்டுப் பாத்தாச்சு.

நார்மன்: எல்லாத் தளத்துக்குமா? ஸ்காட்லாந்துக்குமா?

பார்லோ: ஸ்காட்லாந்துக்கு எதுக்குப்பா போடணும்? அவ்வளவு தூரம் போக அதுல பெட்ரோல் ஏது?

ஐவி: கடல்ல... கடல்ல தேடுறாங்களா?

பார்லோ: தேடுறாங்கம்மா. மீட்புப் படகு ரெண்டு போயிருக்கு. நேர் கிழக்கே. பெட்ரோல் எங்க தீந்திருக்குமோ அந்த இடத்துல. ராத்திரி அந்தப் பக்கம் இருந்து ஏதோ ரேடியோ சத்தம் லேசாக் கேட்டுதாம். யாரோடதுன்னு தெரியல. இருட்டுற வரைக்கும் தேடுவாங்க.

ஐவி: ரேடியோ கேட்டுச்சா?

பார்லோ: அத வச்சு எதுவும் நினைச்சுக்காதம்மா. நார்மன், சாயங்காலம் இந்த இடத்துக்குப் புது விமானம் வருது. போய்த் தூங்கிட்டு வா. பேர் எழுதணும்.

நார்மன்: என்ன பேரு?

பார்லோ: உனக்குத் தெரியாதா? இந்த இடத்துல நின்னா எப்பவும் குவீனிதான்.

நார்மன்: குவீனி ஒருத்தி இருக்கா, சீஃப். வந்துட்டிருக்கா.

பார்லோ: நார்மன்...

நார்மன்: அவங்கள வடக்கே தேடச் சொல்லுங்க. ஸ்காட்லாந்துக்கு போன் போடச் சொல்லுங்க. பெட்ரோல் இருக்கு அவகிட்ட. நான் கூடுதலா ஊத்தினேன்.

பார்லோ: என்ன சொன்ன?

நார்மன்: உத்தரவ மீறி விளிம்பு வரைக்கும் ஊத்தினேன்.

பார்லோ: வாய மூடு! என்ன பேசுறன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? நேத்து அவ ஓடுபாதை முடியிற வரைக்கும் எழும்பல. வேலிய உரசிக்கிட்டுப் போனா, நாங்க எல்லாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னோம். நீ போய் இந்த வார்த்தையச் சொன்னேன்னு வை, பாரம் தாங்காமத்தான் விழுந்துச்சுன்னு எழுதி மூடிடுவாங்க. ஏழு பேரக் கொன்னது நார்மன்னு ஆயிடும். உன் பதவிப் பட்டை போறது மட்டுமில்ல, ஜெயிலு. உன் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுல நடக்க முடியாது.

நார்மன்: எழுதட்டும்.

பார்லோ: இங்க பாரு. எனக்குக் காது மந்தம். இன்ஜின் சத்தத்துல போனது. நீ சொன்னது எதுவும் என் காதுல விழல. அப்படியும் சொல்லியே தீருவேன்னா, நீயே கோபுரத்துல போய் அதிகாரிகிட்ட சொல்லிக்கோ. பேர அழிக்கிறதுக்கு முன்னாடி போ. நான் வர்றேன்.

ஐவி: ...போய்ட்டாரு.

நார்மன்: கிளம்பு ஐவி. வண்டிய எடு. கோபுரத்துக்குப் போகணும்.

ஐவி: இவ்வளவு நேரம் வண்டில ஏறுங்க, ஏறுங்கன்னு கெஞ்சினேன். ஏறல.

நார்மன்: இப்ப ஏறிட்டேன். பாரு, முன் சீட்டுல. எடு.

ஐவி: மாட்டேன்.

நார்மன்: வெளையாடாத. நான் சொன்னா அவங்க பேர அழிக்க மாட்டாங்க. படக வடக்கே திருப்புவாங்க.

ஐவி: அதனாலதான் மாட்டேங்கிறேன்.

நார்மன்: என்ன சொல்ற நீ? உனக்கு அவன் வேணாமா?

ஐவி: வேணும். உங்க கூட உக்காந்து அந்தக் கஞ்சிக் கதையச் சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு எனக்கு. ஆனா படகு கிழக்கே இருக்கு, நார்மன். அவர் ரப்பர் படகுல மிதந்துட்டிருந்தா அங்கதான் மிதந்துட்டிருப்பாரு. நீங்க சொல்றத நம்பி அதத் திருப்பிட்டாங்கன்னா, அப்பறம் அவரப் பாக்க அங்க ஒருத்தர் இல்ல.

நார்மன்: நான் சொல்றது பொய்யின்னு யாரு சொன்னா?

ஐவி: நீங்க ஊத்தியிருக்கணும்னு நினைக்கிறீங்க. அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருக்கு.

நார்மன்: நான் ஊத்தினேன்! நம்பிக்கை இல்லன்னா போய் கிளாடிஸக் கேளு. அவதானே கீழ நின்னா!

ஐவி: கிளாடிஸ்தான் நேத்து அவங்களக் கூட்டிட்டு வந்து விட்டவ. கண்ணாடிய இறக்கலன்னு சொன்னீங்களே, அவ. நானும் அவளும் வேலைய மாத்திக்கிட்டோம்... மழைக்கோட்டுத் தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, பெட்ரோல் லாரிகிட்ட நின்னது நான். மேல இருந்து நீங்க "போதும், நிறுத்து"ன்னு கத்தினீங்க, நார்மன். உத்தரவுல இருந்த அளவுக்கு ஒரு சொட்டு கூடாம, நான்தான் நிறுத்தினேன்.